ஓடக்காரியின் வலக்கால்

மாலைக் கதிர் சாய்ந்து, மாடங்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தெருவை மூட, கடை விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண்விழிக்க, உழைத்துக் களைத்தோர் இல்லம் நோக்கி விரைந்தும், உண்டு உடுத்தோர் களிப்பிடம் நோக்கி மெல்ல நடந்தும், எதிரெதிர் ஓடிவந்த ஈராறுகள்போல் கலந்து நின்ற அவ்வேளையில், நடுத்தெருவின் நாடக அரங்கம், முகப்பூச்சு இடுதற்கு முன் ஆடியெதிர் அமர்ந்த நடிகையைப்போல், தன் வெறுமையை மறையாது வீற்றிருந்தது. சுவரிற் காரை பெயர்ந்திருந்தது. இருக்கைகளின் செந்துணி நூல்நூலாய்த் தேய்ந்திருந்தது. ஆயினும் திரை உயர்ந்த நொடியில் அவ்வரங்கம் எத்துணை எழில் கொள்ளும் என்பதை அறிந்தோர், அதன் முதுமையைப் பொருட்படுத்துவதில்லை.

அங்கே, மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில், இசைவாணர் அனைவர்க்கும் முன்னதாக வந்து அமர்பவர் ஒருவர். அவர்தம் இயற்பெயரை வினவுவார் இலர்; குழலார் என்றால் வாயில்காப்போனும் அறிவான். வந்தவுடன் மிதியடிகளைக் கழற்றி இருக்கையின் அடியில் இணைத்து வைப்பார். வெண்டுணியால் குழலின் துளைகளை ஒவ்வொன்றாய்த் துடைப்பார். ஊதாமலே விரல்களை மட்டும் ஓட்டிப்பார்த்து, பின்னர்க் கைகட்டி அமர்ந்துவிடுவார்.

“குழலாரே, ஊசி போட்டுக்க உக்காந்திருக்கிற ஆள் மாதிரியே இருக்கீங்க” என்று பக்கத்திருக்கை மத்தளக்காரர் நாள்தோறும் நகையாடுவதும், அதனை அன்றே புதிதாய்க் கேட்டவர்போல் குழலார் முறுவலிப்பதும் அப்பள்ளத்தின் மாறா வழக்கம். அன்று மாலை மத்தளக்காரர் நகையாடினார், குழலார் முறுவலிக்கவில்லை.

“என்னய்யா, இன்னைக்கு நெசமாவே ஊசியா?” என்றார் அவர்.

குழலார் மேடையின் வெறும் பலகையை நோக்கினார். பள்ளத்தில் அமர்ந்தோர்க்கு மேடைப் பலகை கண்மட்டத்தில் இருக்கும். ஆதலின் ஏனையோர் நடிகரின் முகத்தை அறியுமளவு, அவர் நடிகரின் பாதங்களை அறிந்தவர்.

அவ்வரங்கிற்கு உயிராய் விளங்கியது ஓர் இசைநாடகம். வெள்ளம் புரளும் ஆற்றங்கரையில் ஓர் ஓடக்காரி. அவளுடைய ஒரே மகனின் படகைக் குடிவெறியில் மோதிக் கவிழ்த்து அவனைக் கொன்றவன், பின்னொரு நாள் ஊரார் துரத்த ஓடிவந்து, அவள் காலடியில் வீழ்ந்து, அக்கரை சேர்க்குமாறு இறைஞ்சுகிறான். வயிற்றெரிச்சல் முழுவதையும் நீண்டதொரு பாட்டாய் அவன்மேற் கொட்டித் தீர்த்தபின், ‘ஏறிக்கொள்’ என்னும் ஒரே சொல்லை அவள் சொல்லல் வேண்டும். பாட்டின் முடிவிற்கும் அச்சொல்லிற்கும் இடைப்பட்ட சிறு வெளியிலேதான், ஒரு தூணின்மேல் நின்ற மாளிகைபோல, அந்நாடகம் முழுவதும் நின்றது.

அவ்வேடத்தை முதன்முதற் புனைந்து பல்லாண்டு நடித்தவர் குழலாரின் தமக்கையார். அவர் காட்டிய ஓடக்காரி சினத்தின் திருவுரு. இருபாதங்களும் பலகையில் வேரூன்ற மலையென நிற்பார். ‘ஏறிக்கொள்’ என்பது தோற்றவனுக்கு வென்றவள் இடும் ஆணையாய் முழங்கும். ஆனால் அத்துணை உரக்கப் பாடியபின் அவர்க்கு மூச்சு இரைக்கும். அவ்விரைப்பு அவையோர் செவியிற் படாதிருத்தற்பொருட்டுத் தம்பியார் அவ்விடைவெளியில் குழலோசையால் ஓர் இழை நெய்தார். நாளடைவில் அவ்விழைக்கெனவே மக்கள் கைதட்டலாயினர்.

தமக்கையார் உடல் தளர்ந்து மேடையை விட்டபின், நாடகத் தலைவர் இருவரை மாறிமாறி அவ்வேடத்தில் நடிக்கச் செய்தார். மணிக்குரலாள் என்று பெயர்பெற்றவள், பகைவனிடத்தே தன் மகனையே கண்டுவிட்டவளாய் நடித்தாள்; நுனிவிரலில் எழுந்து, அவன் தலையைத் தொட்டு, விம்மி விம்மி அச்சொல்லை உதிர்த்தாள். குழலின் இழை அவள் விம்மலோடு பாலில் தேனெனக் கலந்தது.

மற்றொருத்தி, மெலிந்த உடலும் விரைந்த பேச்சும் உடைமையால் குருவி எனப்பட்டவள். அவளோ பாட்டு முடிந்தபின் சினக்கவில்லை, அழவுமில்லை. துடுப்பின் ஈரத்தை முந்தானையால் துடைப்பாள். பின்பு, அவளும் அறியாததுபோல், அவளது வலக்கால் சற்றே பின்னுக்கு நகரும். படகில் ஓர் ஆளுக்கு இடம் விடுகின்ற நகர்வு அது. உள்ளம் ஒப்புமுன்னே, வாய் திறக்குமுன்னே, நாளெல்லாம் ஆளேற்றிப் பழகிய கால் அவனுக்கு இடம் கொடுத்துவிட்டது! அதன்பின்னரே, எந்தப் பயணிக்கும் சொல்வதுபோல், ‘ஏறிக்கொள்’ என்பாள்.

ஒத்திகை ஒன்றில் குழலின் உள்ளே ஈரம் தேங்க, குழலார் அதனைத் துடைத்துக்கொண்டிருந்தமையால் அவ்விடைவெளி வெறுமையாய் நின்றது. ஏணிமேல் நின்று காட்சித்திரைக்கு ஆணி அறைந்துகொண்டிருந்த தச்சர், ஓங்கிய சுத்தியலோடு அப்படியே நின்றுவிட்டார். “என்னமோ தெரியல, அடிக்கக் கை வரல” என்று பின்னர் அவரே சொல்லி வியந்தார். அக்காலின் நகர்வைக் கண்ட குழலாரும், தம் தமக்கையின் முழக்கத்தினும் அம்மௌனம் பெரிதென்று அக்கணமே உணர்ந்தார். உணர்ந்தது அவருக்கு உவப்பாய் இல்லை.

அன்றே குருவி வந்து, “அண்ணே, அந்த இடத்தை மட்டும் எனக்குக் கொஞ்சம் சும்மா விட்டுடுங்களேன்” என்று கேட்டாள். “அதுக்கென்னம்மா, ஆகட்டும்” என்றார் அவர். ஆயினும் திரை உயர்ந்த மாலையில் குழல் அவர் இதழுக்கு ஏறிற்று. கண்களெல்லாம் பள்ளத்தின்பால் திரும்பின, கைகள் தட்டின, கால் நகர்ந்ததைக் கண்டவர் எவருமிலர். விருந்து முடிந்தபின் வந்த விருந்தினர்போல் அவள் சொல் தனித்து நின்றது. முதல்நாள் பழக்கத்தால் கை தவறியது எனலாம்; மறந்து ஊதிவிட்டதாக அவளிடமும் அவர் சொல்லிவைத்தார். அடுத்தடுத்து வந்த மாலைகளில் தவறியது கை அன்று.

‘குருவி நடிப்பிற் கடைசி எடுபடவில்லை’ என்னும் பேச்சு ஊரிற் பரவிற்று. இற்றை மாலையும் எடுபடாவிடில் அவ்வேடம் முழுவதும் மணிக்குரலாளுக்கே என்றும், குருவி மீண்டும் பின்பாட்டுக்கு என்றும் தலைவர் அன்று காலையில் அறிவித்துவிட்டார்.

அன்று நண்பகலில் வீட்டில் உண்ண அமர்ந்தபோது குழலார் அச்செய்தியைத் தமக்கையிடம் கூறினார்.

“அட பாவமே! நல்லாத்தானே செய்யறா? போன தடவை முன்வரிசையில உக்காந்து பாத்தேன். ஏதோ பண்ண வந்தா, அதுக்குள்ள உன் குழல் வந்து மூடிடுச்சு.”

“உனக்காகத்தான்க்கா. உன் வேஷத்துல இன்னொருத்தி உன்னை மிஞ்சிட்டான்னு...”

தமக்கையார் உண்பதை நிறுத்திச் சிரித்தார். “எனக்காகவா? எனக்கு மூச்சு வாங்குச்சு, நீ ஊதினே. அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குதா?”

“இல்ல.”

“அப்புறம் யாருக்காகடா ஊதறே?”

குழலார் தட்டிலிருந்த சோற்றில் விரலாற் கோடு கிழித்தார்.

“சோத்தைக் கிண்டாம சாப்பிடு. பதிலை எங்கிட்ட சொல்ல வேண்டாம்” என்றார் தமக்கையார்.

பதில் அவர்க்குத் தெரிந்தே இருந்தது. நாடகம் முழுவதும் பிறர் குரலுக்குப் பின்னே நிழலாய் நடந்த அவர் குழல், தனித்துத் தன் பேரால் ஒலிக்கும் இடம் அஃது ஒன்றே. தமக்கையின் புகழைக் காப்பதாகத் தமக்கே சொல்லிக்கொண்டு, அவர் காத்துவந்தது தம் கைதட்டலை. படிப்பவரே, பிறர்பொருட்டுச் செய்ததாய் எண்ணி ஆறுதல் கொண்ட தீங்கு, நம்பொருட்டே செய்தது என்று வெளிப்படுங்கால் நெஞ்சில் எழும் வெம்மை எத்தகையது என்பதை நீவிர் அறிவீராயின், அம்மாலையில் குழலார் முறுவலியாமைக்கு வேறு விளக்கம் வேண்டா.

அவர் பள்ளத்தினின்று எழுந்தார். ஒப்பனை அறையின் வாயிலில் நின்று இருமினார். குருவி கூந்தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே.”

“அம்மா, அந்த இடத்துல... மறந்துபோய் ஊதறேன்னு உங்கிட்ட சொன்னேன் இல்லியா. மறதி இல்ல. வேணும்னுதான் ஊதினேன்.”

சீப்பு கூந்தலிலேயே நின்றது. “தெரியும்ணே.”

“தெரியுமா?”

“மறதியா ஊதறவங்க என் காலையே பாத்துக்கிட்டு ஊதமாட்டாங்க.”

“தலைவர்கிட்ட ஏம்மா சொல்லல?” என்றார் குழலார்.

“சொன்னா? நடிக்க வக்கில்லாம குழல்மேல பழி போடறாம்பாங்க. அதை வேற கேக்கணுமா?”

அவர் நின்றார். மேடையில் மகனைக் கொன்றவனுக்கே இடம் விட்ட அவள், ஈண்டும் ஒரு சொல் சொல்வாள் என்று அவர் நெஞ்சம் நாணமின்றி எதிர்பார்த்தது. குருவி ஆடியின்பால் திரும்பினாள்.

“நேரமாச்சுண்ணே. முகத்துக்குப் போடணும்.”

அதற்குமேல் கேட்க அவர்க்கு உரிமை இல்லை. படியேறித் தலைவரின் அறையை அடைந்தார்.

“என்ன குழலாரே, திரை தூக்கற நேரத்துல மேல வந்துட்டீங்க?”

“ஐயா, குருவி நடிப்புல குறை இல்ல. ‘ஏறிக்கொள்’ளுக்கு முன்னால அவ காலைப் பின்னால வைப்பா, படகுல இடம் விடற மாதிரி. அதை யாரும் பாக்கவிடாம நான்தான் ஊதிக் கெடுத்தேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “இத்தனை நாள் கழிச்சு வந்து சொல்றீங்களே, இதுக்கு உங்களை நான் என்னய்யா பண்ணணும்?”

“என்ன பண்ணாலும் சரிதான்.”

“அது கிடக்கட்டும். குழல் இல்லேன்னா அந்த இடம் வெறிச்சுன்னு போயிடுமே. ஜனங்க தட்டிப் பழகிட்டாங்க. ‘எங்கய்யா குழலு?’ன்னு எவனாவது கத்தினா, அந்த அசிங்கமும் அவ தலையிலதானே விழும்?”

விழலாம், குழலாரும் அதனை எண்ணியே வந்திருந்தார். செய்த தீங்கைச் செய்யாததாக்கும் ஆற்றல் எவர்க்கும் வாய்ப்பதில்லை. பறித்த இடத்தைத் திருப்பித் தருவதே கூடும். தந்த இடம் பூத்துக் குலுங்குமோ, பாழாய்க் கிடக்குமோ, அது தருவோன் கையில் இல்லை. மன்னிப்பும் அத்தகையதே, அதை வேண்டுவோன் கையில் இல்லை. கீழே மத்தளத்தின் முதல் ஒலி எழுந்தது. இருக்கைகளில் மக்கள் அமரும் அரவம், தொலைவில் மழை வருவதுபோல் வந்தது.

“வெறிச்சுன்னு இருந்தா இருக்கட்டும்ங்க” என்றார் குழலார். “இன்னைக்கு அந்த இடத்துல நான் ஊதப்போறதில்ல.”