கௌரி போட்ட புள்ளிகள்

வைத்தியசாலை தந்த மதிப்பீட்டுப் படிவத்தில் கௌரி பத்துக் கேள்விக்கும் முழுப்புள்ளி போட்டாள். நாளைக் காலையில் கத்தி பிடிக்கப் போகிற டொக்டருக்கு இன்று யாராவது குறைத்துப் போடுவார்களா? நோயாளி என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதி, ஒப்பத்தையும் தானே வைத்து, தாதியரின் மேசையில் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பத்து நிமிடத்தில் அந்தப் படிவத்தோடு நிருஷா வந்து நின்றாள். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்த அந்தத் தனியார் வைத்தியசாலையில் சிகிச்சை பற்றி நோயாளிகளைக் கேட்டு முடிவெடுக்கிறார்களா என்று மதிப்பிட வந்த பெண்.

"அக்கா, இது உங்கடை எழுத்தெல்லோ? நான் ஐயாவைத்தான் கேக்கோணும்."

"அவர் களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறார்."

"நான் முழிப்பாத்தான் இருக்கிறன்," என்று உள்ளேயிருந்து அப்பா தியாகராசா குரல் கொடுத்தார். "வரச் சொல்லு பிள்ளை."

வயிற்றில் புண், நாளைக்குக் கமெரா விட்டுப் பார்ப்பார்கள் என்றுதான் கௌரி அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். புற்றுநோய் என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று ரொறொன்ரோவிலிருந்த தம்பி கார்த்திகன் தீர்ப்புச் சொல்லியிருந்தான். இரைப்பையில் பாதியை வெட்டுவதற்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தது இவள். தம்பிக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. தீர்ப்புச் சொல்ல மட்டும் அவனுக்கு எப்போதும் நேரமிருக்கும். கதவுக்கும் யன்னலுக்குமாக நடந்தாள். கீழே காலி வீதியில் பஸ்கள் விடாமல் ஹோன் அடித்தன.

முதல் மூன்று கேள்விகள் சாப்பாடு, துப்புரவு, மரியாதை பற்றியவை. அப்பா தாராளமாகப் புள்ளி கொடுத்தார்.

"நாலாவது, ஐயா. ஒப்பரேஷனைப் பற்றி உங்களோடை கதைச்சுத்தானே முடிவெடுத்தவை?"

"என்ன ஒப்பரேஷன்?"

நிருஷா கௌரியைப் பார்த்தாள். கௌரி தரையைப் பார்த்தாள்.

தியாகராசா துறைமுகச் சுங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். படிவத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டி, தன் பெயரில் கிடந்த ஒப்பத்தை நிதானமாகப் பார்த்தார்.

"பெட்டியைத் திறந்து பாக்காமல் ஒருநாளும் நான் கையெழுத்து வைச்சதில்லை, கௌரி. என்ரை வயித்தைத் திறக்க ஆர் வைச்சது?"

"நான்தான், அப்பா."

வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டிலில் உட்கார்ந்து, நோயின் பெயரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவருடைய விரல்கள் போர்வையைப் பிடித்துப் பிடித்து விட்டன.

"டொக்டரை வரச் சொல்லு. இனி என்னோடை கதைக்கட்டும்."

பிறகு நிருஷாவின் பேனையை வாங்கி, நாலாவது கேள்விக்கு எதிரே இருந்த முழுப்புள்ளியை வெட்டிச் சைபர் போட்டார்.

"அப்பா, டொக்டர் கோவிப்பார்."

"இது அவருக்கில்லை பிள்ளை. உனக்கு."