ஸ்பூனுக்குச் சொன்ன சொல்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அண்ணனின் கட்டிலருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட நிருபரைப் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. தீராத நோயாளிகள் டாக்டர் உதவியோடு சாகலாமா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த நேரம். டிவிக்கு ஒரு நோயாளியின் முகம் வேண்டியிருந்தது. அண்ணன் சம்மதித்துக் கண்ணை மூடித் திறந்ததால்தான் இவர்களை உள்ளே விட்டேன்.

தசைநோய் அவருடைய நாக்கையும் விட்டுவைக்கவில்லை. ஒரு சொல் வெளியே வருவதற்குள் டம்ளரில் பால் ஆறிவிடும்.

"நீங்க பாட்டுக்கு ஊட்டுங்கம்மா, இயல்பா இருக்கும்" என்றார் நிருபர். பாலை ஸ்பூனில் எடுத்து ஊட்டினேன். அண்ணனிடம், "இப்படியே வாழணும்னு நினைக்கிறீங்களா சார்?" என்று கேட்டார்.

அண்ணன் யோசித்தார். நான் அடுத்த ஸ்பூனை நீட்டினேன்.

"போதும்" என்றார் அண்ணன்.

"வயிறு நிறைஞ்சிருச்சு போல" என்றேன். கேமராவை அணைத்தார்கள்.

மறுநாள் டிவியில் அந்த நிகழ்ச்சிக்கான விளம்பரம் ஓடியது. கேள்வி இருந்தது, "போதும்" இருந்தது. ஸ்பூனும் இல்லை, என் குரலும் இல்லை. பின்னணியில் வயலின் வேறு. சித்தி போனில் அழுதாள். "தேதி குறிச்சாச்சாம்மா?" என்றாள்.

நிருபரைப் போனில் பிடித்தேன். "பாலுக்குச் சொன்னதை உயிருக்குச் சொன்னதா ஆக்கிட்டீங்களே!"

"அவர் வாயால சொன்னதுதானேம்மா? நாங்க ஒரு எழுத்துகூடச் சேர்க்கலையே."

"சேர்க்கலை. வெட்டினீங்க."

சாயங்காலம் எதிர் சேனல்காரர் தானாகவே கூப்பிட்டார். "வாழணும்னு ஒரு வார்த்தை அவர் சொல்லட்டும்மா, அவனுங்க மூக்கை உடைச்சிரலாம்." இவரும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான். ஆனாலும் வரச் சொல்லிவிட்டேன்.

அண்ணனிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். "நீங்க ஸ்பூனுக்குத்தான் சொன்னீங்கன்னு ஊருக்கே தெரியணும்ண்ணே. நாளைக்கு வேற சேனல் வருது. வாழணும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மெல்ல அசைந்தது.

"போதும்."

என் கையைப் பார்த்தேன். வெறுங்கை. பால் சமையலறையில் இருந்தது.

சேனல்களைச் சொன்னாரா, என் கூச்சலைச் சொன்னாரா, இல்லை நிருபரின் கேள்விக்கே இப்போதுதான் பதில் வருகிறதா? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் பயம்.

சமையலறைக்கு ஓடினேன். பாலையும் ஸ்பூனையும் எடுத்துவந்து, அவர் வாயருகே நீட்டிக்கொண்டு நின்றேன்.