நன்மை எடுக்காதவன்

காரணமில்லாமல் நல்லது செய்கிறவர்களைக் கண்டால் இசபெலுக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும். லண்டனில் ஒருவன் சும்மா வந்து பையைத் தூக்கித் தருகிறான் என்றால், பின்னால் எதையாவது விற்க வருவான், அல்லது வேறு சபைக்கு இழுக்க வருவான் என்பது அவள் அனுபவம். எமில்தாஸ் இரண்டையும் செய்யவில்லை. அதுதான் அவளைக் கூடுதலாகக் குடைந்தது.

அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஊர் யாழ்ப்பாணத்துப் பாசையூர். போன உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் லேய்ட்டனில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வரத் தொடங்கினான். வந்து கொஞ்ச நாளிலேயே இசபெலின் கணவர் கிறிஸ்துநாயகத்திடம் போய், "அண்ணை, வால்தம்ஸ்டோவிலை இருந்து இந்தக் காலோடை பஸ்ஸிலையோ வாறனீங்கள்? நான் ஏத்திக்கொண்டு வாறன்" என்றான். அன்றிலிருந்து ஞாயிறென்றால் அவனுடைய நீலக் கார் வீட்டு வாசலில் நிற்கும். பிறகு வைத்தியரிடம் போவதற்கும் அவனே வந்தான். குளியலறைச் சுவரில் நாயகம் பிடித்து எழும்பக் கைபிடி பூட்டிக் கொடுத்தான். தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விடுவான்.

நாயகம் முன்பு பஸ் ஓட்டியவர். இரண்டு மாரிக்கு முன், ஷிப்ட் முடிந்து நடந்து வந்தவரை பேக்கர்ஸ் ஆர்ம்ஸ் சந்திக்குக் கிட்ட ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போனது. இடுப்பிலும் காலிலும் மூன்று தடவை ஒப்பரேஷன் செய்தார்கள். நடக்கிறார், ஆனால் இனி பஸ் ஓட்ட முடியாது. பொலிஸ் கொஞ்சநாள் கமராப் பதிவுகளில் அந்தக் காரைத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை என்று விட்டுவிட்டது.

இசபெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். நூறு பிள்ளைகள் வரிசையில் நின்றாலும் எவன் சாப்பிடாமல் தட்டை மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கண்ணுக்குத்தான் முதலில் அது பட்டது: எமில்தாஸ் நன்மை எடுப்பதில்லை. பூசைக்குத் தவறாமல் வருவான், பாட்டெல்லாம் பாடுவான், நன்மை என்ற அந்த நற்கருணை அப்பத்தை வாங்க வரிசை எழும்பும்போது மட்டும் கடைசி வாங்குப்பலகையில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பான். ஒரு கிழமை என்றால் சரி, அதற்கு முதல் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நேரமில்லாமல் போயிருக்கும். கோடை முழுக்கவும் அப்படியென்றால்?

"உந்தப் பொடியன் என்ன பாவத்தைச் செய்துபோட்டுத் திரியிறான்?" என்று நாயகத்திடம் கேட்டாள்.

"உமக்கு ஏன் உது? ஏத்திக்கொண்டு போறான், இறக்கிவிடுறான். சும்மா இரும்" என்றார் அவர். சொல்லிவிட்டு வேறுபக்கம் பார்த்தார். நாயகம் அப்படிப் பேச்சை வெட்டுகிற ஆளில்லை.

பூசை வைக்கும் சுவாமியாரிடமும் கதையை விட்டுப் பார்த்தாள். "சுவாமி, அந்த எமில்தாஸ் நன்மை எடுக்கிறேல்லையே, ஏன்?" அவர் மெழுகுவர்த்தித் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலை உள்ள விசயம், இசபெல்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கேள்விக்காக நெடுநாள் காத்திருந்தவர் போல அந்தப் பதில் சட்டென்று வந்தது. சரி, இவருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொண்டாள். எல்லாருக்கும் ஏதோ தெரியும், தனக்கு மட்டும் தெரியாது.

அதன்பிறகு அவள் காரின் பின்சீட்டில் இருந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு போனாள். அப்போதுதான் பாதையைக் கவனித்தாள். அவர்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கு ஹோ ஸ்ட்ரீட்டால் நேரே போய் பேக்கர்ஸ் ஆர்ம்ஸ் சந்தியைக் கடந்தால் போதும். எமில்தாஸ் ஒருநாளும் அப்படிப் போகவில்லை. மார்க்ஹவுஸ் ரோட்டுப் பக்கம் சுற்றித்தான் போனான். அங்கே பாதை திருத்த வேலை நடந்து கார்கள் இறுகி நின்ற நாளிலும் அதே சுற்றுத்தான்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு, காரில் ஏறியதும் இசபெல் சொன்னாள்: "தம்பி, இண்டைக்கு நேரை போம். சந்தியிலை எனக்கொரு அலுவல் இருக்கு."

"அக்கா, அதாலை சரியான ட்ராபிக்."

"ஞாயிற்றுக்கிழமை காலமை என்ன ட்ராபிக்? நேரை போம்."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். நாயகம் முன்சீட்டில் அசையாமல் இருந்தார். கார் ஹோ ஸ்ட்ரீட்டில் இறங்கியது. கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போக, வேகம் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். சந்திக்கு முன்னால், நாயகம் விழுந்து கிடந்த அந்த இடம் கண்ணுக்குத் தெரிந்ததும், எமில்தாஸ் காரை ஓரம் கட்டி நிறுத்தினான். எஞ்சினையும் நிறுத்திவிட்டு, அந்த இடத்தைப் பார்க்காமல் மறுபக்க ஜன்னலைப் பார்த்தான்.

சும்மா ஒரு சந்தேகம்தான், இருக்காது, இருக்கக்கூடாது என்றுதான் இசபெல் இவ்வளவு தூரம் வந்தாள்.

"நீதானே?" என்றாள்.

அவன் திரும்பவில்லை. "ஓம் அக்கா" என்றான்.

அவள் வாய் திறக்குமுன் நாயகம் சொன்னார்: "இசபெல், எனக்குத் தெரியும்."

அன்று அவர்கள் பூசைக்குப் போகவில்லை. எமில்தாஸைக் காரோடு அங்கேயே விட்டு இறங்கி, நொண்டுகிற கணவரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் எல்லாம் கொட்டுப்பட்டது.

"எப்ப இருந்து தெரியும்?"

"ஆடியிலை. கோயில் மண்டபத்துக்குப் பின்னாலை கூட்டிக்கொண்டு போய், முழங்காலிலை நிண்டு சொன்னவன். குடிச்சிருந்தவனாம். விசா பிரச்சினையிலை பயந்து ஓடிட்டனாம். நான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"நீங்கள் மன்னிச்சிட்டியள்!" இசபெல் சிரித்தாள், அது சிரிப்பாக இல்லை. "ஆறு மாதம் உங்களைத் தூக்கிக் கழுவினது ஆர்? நீங்கள் வலியிலை என்னைத் தூஷணத்தாலை பேசேக்கை கேட்டுக்கொண்டு நிண்டது ஆர்? என்னட்டை ஒரு வார்த்தை கேக்காமல் என்ரை பங்கையும் சேர்த்து எடுத்துக் குடுத்திட்டியளே."

நாயகம் தலையைக் குனிந்தார். "பொலிசுக்குப் போகச் சொல்லிச் சுவாமி அவனுக்குச் சொன்னவராம். நான்தான் வேண்டாம் எண்டனான். மன்னிச்ச பிறகு என்னத்துக்குப் பொலிஸ்?"

"அதாலைதான் அவன் நன்மை எடுக்கேல்லை. உங்கடை மன்னிப்பு அவனுக்கே போதாமல் கிடக்கு" என்றாள் இசபெல்.

அவள் எமில்தாஸைப் போனில் கூப்பிட்டாள். நாளைக்கே பொலிசுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்றாள். தானும் வருவேன் என்றாள். துணைக்கு அல்ல, அவன் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிடுவான் என்ற சந்தேகம் அவளுக்கு. மறுமுனையில் அவன் அழுதானா, மூச்சுத்தான் விட்டானா தெரியவில்லை. "வாறன் அக்கா" என்றான்.

பொலிஸ் நிலையத்தின் முன்கூடத்தில் தரையோடு பூட்டிய நாற்காலிகள் இருந்தன. எமில்தாஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் போய் விசயத்தைச் சொன்னான். அவள் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, இருங்கள், ஆள் வரும் என்றாள். அவன் இசபெலிடமிருந்து ஒரு நாற்காலி இடைவிட்டு அமர்ந்தான்.

"அக்கா, உள்ளை போகமுந்தி உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். இது அண்ணைக்கும் சொல்லேல்லை. சுவாமிக்கு மட்டும்தான் சொன்னனான்."

இதோ, அந்த விழுங்கிய பாதி, என்று அவள் நினைத்தாள்.

"நான் நிக்காமல் போகேல்லை. காரை நிப்பாட்டி இறங்கினனான். கிட்டப் போனன். அண்ணை கண்ணை முழிச்சுப் பாத்தவர். நான் 'ஐயோ' எண்டது கேட்டிருக்கும். தமிழ் எண்டு விளங்கியிருக்கும். 'தம்பி, இசபெலுக்குச் சொல்லு' எண்டவர். ரெண்டு தரம் சொன்னவர். நான் ஓம் எண்டு சொன்னனான் அக்கா. ஓம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஓடினனான்."

இசபெல் அவன் பக்கம் திரும்பினாள்.

"இசபெல் எண்டால் எங்கடை வேதக்காரப் பேர்தானே. அதாலை பிறகு கோயில் கோயிலாய்ப் போனன். தோர்ண்டன் ஹீத், சவுத்தால், எங்கையெல்லாம் தமிழ்ப் பூசை நடக்குதோ அங்கையெல்லாம். லேய்ட்டனிலை ஆரோ உங்களை இசபெல் எண்டு கூப்பிட்டினம், பக்கத்திலை அண்ணை தடியோடை நிண்டவர். அண்ணையிட்டைச் சொல்ல முடிஞ்சுது. உங்களிட்டைத்தான் வாய் வரேல்லை."

அந்த இரவு அவளுக்கு முழுதாகத் திரும்பி வந்தது. நேரம் போகப் போக நாயகம் வரவில்லை. நண்பர்களோடு குடிக்கப் போய்விட்டார் என்று நினைத்தாள், முன்பு அப்படிப் போனவர்தான். போன் எடுக்கப்படவில்லை. கடைசியில் அவர் போனில் குரல்பதிவாகப் பேசி வைத்தாள்: "எங்கையாவது கிடந்து சாவுங்கோ." ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் கதவைத் தட்டியது விடிந்த பிறகு. போன் காரின் கீழ் நொறுங்கிப்போனதால் அவர் அதைக் கேட்கவேயில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். இரண்டு முறையும் பாவம் பொறுக்கப்பட்டது. ஆனாலும் வீட்டில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை.

இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டாம், ஒரு அம்புலன்ஸ்காரனிடமாவது சொல்லியிருந்தால், அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

"வேறை என்ன சொன்னவர்?" என்று கேட்டாள். தன் குரலே அவளுக்கு யாரோ பேசுவது போலிருந்தது.

"வேறை ஒண்டும் இல்லை அக்கா. அவ்வளவுதான்."

உள்ளிருந்து ஒரு அதிகாரி வந்து அவன் பெயரை உடைத்து உடைத்துக் கூப்பிட்டார். அவன் எழும்பிப் போனான். வந்த வேலை முடிந்துவிட்டது, இசபெல் வீட்டுக்குப் போயிருக்கலாம். பின்னேரம் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது. அவன் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே வந்து அவளைக் கண்டு திகைத்தான். இரண்டு பேரும் வெவ்வேறு பஸ் ஏறினார்கள்.

வீட்டில் நாயகத்துக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் எமில்தாஸ் சொன்னதை. பிறகு, நிறுத்தினால் இனிச் சொல்லமாட்டேன் என்ற பயத்தில், போனில் தான் பேசி வைத்ததையும்.

போன் கதையைக் கேட்டு நாயகம் அவள் கையைப் பிடித்தார். "அது எனக்குக் கேக்கவேயில்லையே, விடும்" என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது அது. ஆனால் மற்றதை அவரால் விழுங்க முடியவில்லை. "என்ரை முகத்தைப் பாத்தவனோ? ஓம் எண்டவனோ?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்; அடிபட்ட அந்த இரவில் நடந்தது ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. "காரை விட்டு இறங்காமலே பயந்து ஓடினவனைத்தான் நான் மன்னிச்சனான், இசபெல். கிட்ட வந்து குனிஞ்சு பாத்தவனை இல்லை."

வழக்கு வசந்தத்தில் முடிந்தது. எமில்தாஸ் குற்றத்தை ஒத்துக்கொண்டான். சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து, சம்பளமில்லாத பொதுவேலை கொடுத்தார்கள், லைசென்ஸ் பறிபோனது. விசாவுக்கு என்ன நடக்கும் என்று இன்னும் தெரியாது. அவன் கோயிலுக்கு வருவதை விட்டுவிட்டான். நாயகமும் இசபெலும் மறுபடி பஸ்ஸில் போனார்கள். முன்பு மன்னித்துவிட்டேன் என்று நிமிர்ந்து திரிந்த மனிதர் இப்போது அந்தப் பெயரை எடுத்தால் எழும்பிப் போய்விடுவார். நற்கருணை வரிசையில் இப்போது அவரும் எழும்புவதில்லை. "பிறகு பாப்பம்" என்பார்.

"நீர் மன்னிச்சிட்டீரோ?" என்று ஒருமுறை அவளிடம் கேட்டார்.

"இல்லை" என்றாள் இசபெல். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா இப்ப அவனிலை சந்தேகம் இல்லை. வேறை ஒண்டும் ஒளிச்சுவைக்கேல்லை எண்டு தெரியும்."

வைகாசியில் ஒரு ஞாயிறு அவர்கள் கோயிலுக்குப் போனபோது எமில்தாஸ் வெளிமதிலுக்குப் பக்கத்தில் நின்றான். பஸ்ஸில் வந்திருக்கவேண்டும், காலணியெல்லாம் மழைச்சேறு. நாயகம் அவனைக் கண்டார். காணாதவர்போல் தடியை ஊன்றி உள்ளே போனார். எமில்தாஸ் திரும்பிப் போகக் காலெடுத்தான்.

"எங்கை போறாய்?" என்றாள் இசபெல்.

"அண்ணைக்கு என்னைப் பாக்க ஏலாது அக்கா. நான் வந்தது பிழை."

"அவருக்கு ஏலாதுதான். எனக்கும் இன்னும் ஏலாது." உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அவர்களை விலத்திக்கொண்டு படியேறினார்கள். "அதுக்கு வெளியிலை நிண்டு என்ன செய்யப்போறாய்? உள்ளுக்கு வா."

அவன் தயங்கினான்.

"வா எண்டால் வாவன், பூசை தொடங்கியாச்சு" என்றாள் அவள் எரிச்சலோடு. அவன் முன்னால் ஏறும்வரைக்கும் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.