கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கம்ப்யூட்டர் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டேன். பின்பக்கக் காற்றாடி ஒரு துடி துடித்து நின்றுவிட்டது. திரையில் வெளிச்சமே இல்லை.

ஈப்போவில் எங்கள் லாரி கம்பெனி அந்த வருடம்தான் அதை வாங்கியிருந்தது. அதில் வேலை செய்யப் பழகியவள் நான் ஒருத்திதான்.

"நேத்தே நெனச்சேன்லா," என்றார் பக்கத்து மேசையில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி பத்துமலை அண்ணன். "பொட்டு வைக்கிறத வேற யாராச்சும் செஞ்சிருக்கலாம்."

என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் எல்லாரும் லாரிகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு நானே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரரான மேனேஜர் பஞ்சலிங்கம் அறையிலிருந்து வந்தார். "கோலாலம்பூரில இருந்து ஆள் வர அடுத்த கிழமை ஆகும். அதுவரைக்கும் டைப்ரைட்டரில இரும், பிள்ளை. பிறகு இதைப் பத்துமலையின்ர மகளுக்குப் பழக்குவம்."

"ஏன் சார்?"

"டிரைவர்மார் கதைக்கினம். எனக்கேன் வம்பு?"

என் கை தானாக டைப்ரைட்டரின் உறையை எடுக்கப் போனது. கல்யாண வீடுகளில் யாரும் சொல்லாமலேயே பின்வரிசைக்கு நகர்ந்து உட்காரும் பழக்கம் அது. அந்தக் கையைப் பார்த்ததும், அவர்கள் மேல் வராத கோபம் என் மேல் வந்தது.

"நான் திறந்து பாக்குறேன், சார்."

"உடைஞ்சா?"

"இப்ப மட்டும் ஓடுதா?"

"ஜங்கான்லா, வேணாம், நவமணி! ஷாக் அடிக்கும்," என்றார் பத்துமலை.

"அடிச்சா எனக்குத்தானே அண்ணே அடிக்கும்."

முதலில் அதே சுவர் பிளக்கில் மேசை விசிறியைச் செருகினேன். சுற்றியது. தேநீர்க் கெட்டிலின் வயரைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். பழைய துடிப்புதான். அப்படியென்றால் கோளாறு உள்ளே. வயரைப் பிடுங்கிவிட்டு, பட்டறையிலிருந்து திருப்புளி வாங்கி வந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே எங்காவது மின்சாரம் தவறான வழியில் பாய்ந்தால் பவர் சப்ளை தன்னையே நிறுத்திக்கொள்ளும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். டிஸ்க் டிரைவைக் கழற்றினேன், மாற்றமில்லை. திரும்ப மாட்டிவிட்டு, மதர்போர்டு என்ற பெரிய பலகைக்குப் போகும் வயர்களை உருவினேன். காற்றாடி நிற்காமல் சுழன்றது.

பவர் சப்ளை சாகவில்லை. பலகையில்தான் ஏதோ. மறுபடி வயரைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

விரல் அகலத்தில் ஒரு செப்புத் தகடு. யந்திரக் கோடுகள் கீறி, மஞ்சள் தடவியிருந்தது. முன்பக்கக் காற்றுத் துளை வழியாக நழுவி, பலகையின் கம்பி முனைகள் மேல் குறுக்கே விழுந்து கிடந்தது.

அதை வெளியே எடுத்துக் காட்டினேன். "இது யாரோடது?"

பத்துமலை அண்ணன் எழுந்து வந்தார். "கோயில்ல மந்திரிச்சது. மெஷினுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதேன்னு… நீ பொட்டு வச்சிட்டுப் போனப்புறம் போட்டேன்."

"என் கையிலேருந்து காப்பாத்தவா?"

வாசலில் நின்ற டிரைவர் சன்னாசி வெடித்துச் சிரித்தான். "கம்ப்யூட்டருக்குத் தாயத்து கட்டுன மொத ஆளு நீங்கதான், அண்ணே!"

வயர்களை மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரையில் பச்சை எழுத்துகள் வந்தன.

பஞ்சலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "கரண்ட் கோளாறு எண்டு சொல்லிவிடுவம். பத்துமலை பழைய ஆள்."

"என்னைப் பத்திப் பேசுனது எல்லாருக்கும் கேட்டுச்சு, சார். இதுவும் கேக்கட்டும்."

தகட்டை டிரைவர்கள் தேநீர் குடிக்கும் மேசைக்குக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். "கம்ப்யூட்டர நிறுத்துனது இதுதான். கேக்குறவங்களுக்குக் காட்டுங்க."

திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் அன்றைய வேலையைத் தொடங்கினேன்.