தொடைக்கு எத்தனை தலையணை

கொழுந்தியாளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுத்ததே தலையணை அண்ணன்தான். அதை நினைக்க நினைக்கத்தான் அவருக்கு வயிறு எரிந்தது. வேறு யாராவது சிபாரிசு செய்திருந்தால் அந்த ஆளைத் திட்டியாவது மனசு ஆறியிருக்கும்.

தலையணை அண்ணன் என்பது ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருமாகச் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர். முதுகெலும்பு ஆபரேஷனுக்கு வருகிறவர்களை மேஜையில் படுக்க வைப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. "படுக்க வைக்க ஒரு ஆளா?" என்று சிரிப்பவர்கள், மயக்கத்தில் கிடக்கும் எண்பது கிலோ உடம்பைத் தொண்டைக் குழாய் நழுவாமல் ஒருமுறை குப்புறப் புரட்டிப் பார்க்கட்டும். கண் எதிலும் அழுந்தக் கூடாது, அழுந்தினால் பார்வையே போகலாம். வயிறு அந்தரத்தில் தொங்க வேண்டும், அமுங்கினால் ரத்தம் அதிகம் போகும். முழங்கைக்கு மெத்தை வைக்க மறந்தால், எழுந்த பிறகு சுண்டுவிரல் மாசக்கணக்கில் மரத்துக் கிடக்கும். இத்தனையும் அவருக்குக் கைவந்த கலை. கடைசியாக இடுப்பையும் முட்டியையும் மடக்கி, மண்டி போட்டுக் கவிழ்ந்த மாதிரி வைப்பார். அப்படி வைத்தால் முதுகு விரிந்து கொடுக்கும், டாக்டருக்குக் கை போக வழி கிடைக்கும்.

கொழுந்தியாள் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் இதே வேலை பார்த்தவள். வந்த முதல் வாரமே வாயைத் திறந்தாள்.

"அத்தான், கம்பி வெச்சு எலும்பை இணைக்கிற கேசுக்கு மட்டும் காலை மடக்காதீங்க. மடக்கினா இடுப்புக் குழிவு போயிடும். அப்படியே திருகாணி போட்டு இறுக்கிட்டா, ஆளு காலம் பூரா முன்னாடி சாஞ்சுதான் நிக்கணும்."

"நேத்து வந்தவ நீ எனக்குச் சொல்றியா? நான் படுக்க வெச்சுக் கம்பி போட்ட டீச்சரம்மாவைப் போய்ப் பாரு. ஒம்பது வருஷமா ஜம்முனு நடந்துக்கிட்டிருக்காங்க."

"முந்தாநேத்து பரிசோதனைக்கு வந்தப்பவே பாத்தேன் அத்தான். நடக்கிறாங்க. தரையைப் பாத்துக்கிட்டே நடக்கிறாங்க."

டீச்சரம்மா என்பவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடம் ஒருமுறை பரிசோதனைக்கு வருவார், வந்தால் தலையணை அண்ணனை விசாரிக்காமல் போக மாட்டார். அவர் கொஞ்சம் சாய்ந்து நடப்பது வயசால் என்றுதான் அண்ணன் நினைத்திருந்தார். இப்போது அவரையே இவள் காட்டிப் பேசியது சுருக்கென்று தைத்தது.

பெரிய டாக்டர் அவள் சொன்னதைக் கேட்டார், அவள் வைத்த விதத்தையும் பார்த்தார். "இணைப்பு கேசெல்லாம் இனிமே அவங்களே போடட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். டாக்டர் அவளைப் பார்த்துத் தலையாட்டினால் அண்ணனுக்குக் கழுத்து வலித்தது. வீட்டுக்குப் போனால் மனைவி தங்கச்சி புராணம் பாடினாள். சொன்னால் வெட்கக்கேடு, பொறாமைதான், வேறொன்றுமில்லை. தன் வேலையைத் தன்னைவிட நன்றாக ஒருத்தி செய்கிறாள், அவளுக்கு வழிவிட்டதும் தானே. அதை அவரால் தாங்க முடியவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தார். அவள் நோயாளியைப் படுக்க வைக்கும் நேரமெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் அலமாரியில் பஞ்சை அடுக்கினார். கூடவே வேலை பார்க்கும் மீசைக்காரரிடமும், "அவ செய்யறதைப் பாத்து நின்னே, நம்ம சிநேகிதம் அவ்வளவுதான்" என்று சொல்லிவைத்தார். மீசைக்காரரும் விசுவாசமாகப் பஞ்சு அடுக்கினார்.

பத்தொன்பது வருடம் மற்றவர் முதுகைப் புரட்டிய முதுகு ஒரு நாள் பழி வாங்கியது. எலும்பு ஒன்று முன்னால் நழுவி, இடது கால் மரத்துப் போனது. படத்தைப் பார்த்த டாக்டர், "இணைச்சுத்தான் ஆகணும். உங்க கொழுந்தியாளே படுக்க வைக்கட்டும்" என்றார்.

"மீசைக்காரர் வைப்பார் டாக்டர். கால் நீட்டி வைக்கிறதைச் சொல்லிக் கொடுத்துட்டேன்."

பச்சைப் பொய். யார் எந்த நாள் எந்தத் தியேட்டர் என்று பட்டியல் போடுவதும் அவர்தான். தன் ஆபரேஷன் நாளில் அவளை எதிரே இருந்த முட்டி ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளினார். மனைவி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "என் முதுகு, என் இஷ்டம்" என்றார்.

அன்று காலை தள்ளுவண்டியில் மல்லாந்து கிடந்தபோதுதான் தியேட்டர் கூரையில் மஞ்சளாக ஒரு கறை இருப்பது அவருக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் நிமிர்ந்து பார்த்ததில்லை. மயக்க டாக்டர் கையில் ஊசி குத்தி முடித்திருந்தார், மருந்து ஏற்றுவதுதான் பாக்கி. மீசைக்காரர் காதருகே குனிந்தார்.

"அண்ணே, தொடைக்கு எத்தனை தலையணை?"

"என்னது?"

"கால் நீட்டி வைக்கணுமாமே. தொடைக்கு அடியில எத்தனை வைக்கணும்? கணுக்காலுக்கு எத்தனை?"

"நீ பாத்ததில்லையா?"

"நீங்கதான பாக்கக் கூடாதுன்னீங்க."

அண்ணன் யோசித்தார். இரண்டா, மூன்றா? நெஞ்சு மெத்தை எவ்வளவு உயரம்? ஞாபகத்துக்கு வந்ததெல்லாம் அந்தச் சுவர் அலமாரியின் கைப்பிடிதான். ஊருக்கெல்லாம் தலையணை அண்ணன், தன் தொடைக்கு எத்தனை தலையணை என்று தெரியாமல் கிடந்தார். திருகாணி இறுகிவிட்டால் அவ்வளவுதான், மறுபடி ஒரு வாய்ப்பு கிடையாது. தரையைப் பார்த்தபடி போகும் டீச்சரம்மாவின் நடை கண்ணுக்குள் வந்தது.

"அவளைக் கூப்பிடு," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "கூப்பிடுய்யா, சீக்கிரம்!"

எதிர்த் தியேட்டரிலிருந்து அவள் ஓடி வந்தாள். ஒரு குத்தல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க அத்தான், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு நோயாளியிடமும் அவர் சொல்லி வந்த வார்த்தை அது. அதையும் எடுத்துக்கொண்டாளே என்று நினைத்தபடியே மயங்கிப் போனார்.

இரண்டு வருடம் ஓடிற்று. கால் மரப்பு போய்விட்டது. ஆள் தூக்கும் வேலை கூடாது என்பதால் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்கள். சுவரோடு நின்றால் குதிகாலும் பின்மண்டையும் ஒருசேர ஒட்டின. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட டாக்டர் அவரைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார். "பாருங்க, எப்படி நிமிர்ந்து நிக்கிறார்! படுக்க வெச்சது இந்தம்மாதான்" என்று கொழுந்தியாளைக் காட்டுவார். சொந்த முதுகே அவளுக்குச் சாட்சி சொன்னது. அப்போதும் அவருக்கு எரியத்தான் செய்தது.

ஒரு முறை, அப்படி நின்றுவிட்டு வெளியே வந்தபோது வராந்தாவில் டீச்சரம்மா எதிரே வந்தார். இந்த வருடம் கையில் ஊன்றுகோல். அண்ணன் முகத்தைப் பார்க்க டீச்சரம்மா முட்டியை மடித்து, கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது.

"உங்களுக்கும் என்னோட ஆபரேஷன்தானாமே தம்பி. எவ்வளவு நேரா நிக்கிறீங்க!"

டீச்சரம்மாவின் கண் அவர் இடுப்பை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வையை அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். கொழுந்தியாளை அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு படுக்க வெச்சாங்க?"

"என் கொழுந்தியா."

"நான் வந்தப்போ அவங்க இங்க இல்லையா?"

படுக்க வைத்தது மட்டும் காரணமில்லை, வயசும் இருக்கிறது, எலும்பும் இருக்கிறது என்று டாக்டர் எப்போதோ ஆறுதலாகச் சொன்னது வாய்வரை வந்தது. அதை விழுங்கினார்.

"இல்லம்மா. உங்களைப் படுக்க வெச்சது நான். காலை மடக்கி வெச்சேன். அப்படி வெச்சிருக்கக் கூடாது."

டீச்சரம்மா ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்னு சொன்னீங்க தம்பி," என்றார். "அன்னைக்கு எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்ல."

சொல்லிவிட்டு ஊன்றுகோலை ஊன்றி, தரையைப் பார்த்தபடி நடந்தார். தலையணை அண்ணனுக்கு அங்கேயே குனிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. கம்பி வைத்த முதுகு குனியவில்லை.