நான் இல்லையென்று வைத்துக்கொண்ட ஞாயிறு

என் வீட்டுக்காரர் இயற்பியல் ஆராய்ச்சியாளர். எதை எடுத்தாலும் "வெச்சுக்குவோம்" என்றுதான் ஆரம்பிப்பார். உராய்வு இல்லேன்னு வெச்சுக்குவோம், காத்து இல்லேன்னு வெச்சுக்குவோம். கேட்டால், "பொய்னு தெரிஞ்சேதான் சொல்றோம். சின்னதையெல்லாம் தள்ளினாத்தான் பெரிசு கண்ணுக்குத் தெரியும்" என்பார். கார் வாங்கியபோது என் அம்மாவைத் தள்ளிவிட்டுத்தான் இருக்கைக் கணக்குப் போட்டார்.

எனக்கு அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சி வந்தது, வெளியூரில். போக ஆசை, விட்டுப் போகப் பயம். அவர் வாயால் இதமாக ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தது. அவரோ சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்தார்.

"சரி, நீ இல்லேன்னு வெச்சுக்குவோம்."

மாமியார் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "வாயைக் கழுவுடா! என்ன பேச்சு இது?"

"கணக்குக்குத்தாம்மா."

"அப்ப உன்னை இல்லேன்னு வெச்சுக்கோயேன்!"

கணக்கில் அத்தை ஒரு மாறிலியாம்; என்றைக்கும் ஒரே மாதிரி இருப்பாராம். எங்கள் மகள், சொன்ன பேச்சைக் கேட்பாளாம். அதைப் படித்துவிட்டு மகளே சிரித்தாள். விடையும் வந்தது: வீடு ஓடும்.

"தாராளமா போ" என்றார், முகமெல்லாம் பல்லாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாராவது வெறுமனே 'போ' என்பார்களா? 'போயிட்டு வா' என்பதில் அந்த 'வா' அவருக்குச் சின்னதாகப் போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை சோதிச்சுப் பாத்துடலாம். நான் வீட்லயேதான் இருப்பேன். ஆனா இல்லை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இல்லாமல் இருந்தேன்.

மாறிலி, முட்டி வலிக்கிறதென்று காலையிலேயே படுத்துவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்பவள் தலைவார மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என் கண்ணாடி எங்கே?"

"நான் இல்லைங்க."

"இல்லாதவளுக்குப் பேச்சு எதுக்குடி?" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

குறை சொல்லக் கூடாது, சமாளித்துவிட்டார். சோறு குழைந்திருந்தாலும் நேரத்துக்கு வந்தது. தட்டுகளை எடுத்து வைத்தார். இல்லாத எனக்கும் ஒன்று. வைத்த பிறகுதான் கவனித்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீடு ஓடுது, கணக்கு சரிதான்" என்றார். "ஆனா காலைலேருந்து எத்தனையோ தடவை உன்கிட்ட வந்தேன். கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை, சும்மாதான். அதைச் சின்னதுன்னு தள்ளிட்டேன்."

கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்தது. குழைந்த சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும் நாளில் ரயிலடியில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். வண்டி அசைந்தது.

"வர்றேங்க" என்றேன்.

கூடவே நடந்து வந்தார். "நீ வருவேன்னு வெச்சுக்கட்டுமா?"

"வெச்சுக்கவெல்லாம் வேண்டாம்" என்றேன். "வருவேன்."