நெட்டையை ஏற்றிப் போன கார்

காரின் மூளைப்பெட்டி சாப்பாட்டு மேசைமேல் மூடி கழன்று கிடந்த ஒரு திங்கட்கிழமை காலையில்தான் கார் முதன்முறையாகத் தானாகக் கிளம்பி வெளியே போனது. பாட்டரி வராந்தாவில் சார்ஜில் இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. கண்ணாடிக்காரியின் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்ததால் முழுவதையும் பார்த்தாள். கார் மெதுவாகப் பின்னால் வந்து, பூந்தொட்டிகளை இடிக்காமல் வளைந்து, திறந்திருந்த கேட் வழியாகத் தெருவில் இறங்கி, முனையில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பியது என்று அவள் சொன்னாள். நாத்தனார்தான் ஓட்டிப் போகிறாள் என்று நினைத்து, வரும்போது சோப்பு வாங்கி வா என்று குரல் கொடுத்ததாகவும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கார் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றுகொண்டது. சோப்பு வாங்கி வரவில்லை.

கண்ணாடிக்காரிக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதிப்பது அவள் சிநேகிதி நெட்டை, வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது இவள். உயரத்தில் நெட்டை வாசல்நிலையில் குனிவாள், இவள் குனிய வேண்டிய வாசல் எதையும் இதுவரை யாரும் கட்டவில்லை. அதனால் தெரு அவர்களுக்கு நெட்டை, குட்டை என்று பெயர் வைத்தது, அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து பெஞ்சில் தொடங்கிய சிநேகம். கடை நன்றாக நடந்த ஒரு வருடம் இருவரும் சேர்ந்து இந்தக் காரைப் பழசாகவே வாங்கினார்கள். நிறுத்த இடமிருந்ததால் இவள் வீட்டில் நின்றது. காலையில் இவள் போய் நெட்டையை ஏற்றிக்கொள்வாள், மாலையில் இறக்கிவிடுவாள். இடையில் இருவருக்கும் நரைத்தது, நெட்டையின் அம்மா போய்ச் சேர்ந்தாள், இவளுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின. எல்லாவற்றையும் அந்த முன்சீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்.

பிறகு எதிர்வரிசையில் பெரிய கண்ணாடிக் கடை ஒன்று திறந்தது. குளிர்சாதனமும் காவலாளியும் வைத்த கடை. அது திறந்த வாரம், கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டும், கன்னம் வீங்கிவிட்டது என்று நெட்டை நாலைந்து நாள் லீவு சொன்னாள். இவள் ஒரு மாலை கடையைச் சீக்கிரமே பூட்டிக் கிராம்புத் தைலத்தை எடுத்துக்கொண்டு நெட்டையின் வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டினாள், கூப்பிட்டுப் பார்த்தாள், தூங்குகிறாள் பாவம் என்று திரும்பி வந்தாள். மறுநாள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் உடைந்த சட்டத்தை ஒட்டிக்கொள்ள வந்தவர், போகிற போக்கில், "உங்க சிநேகிதி அந்தக் கடையில நல்லா டெஸ்ட் பண்றாங்கம்மா, மெஷினெல்லாம் புதுசு" என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் கையிலிருந்த வில்லை கீழே விழவில்லை. அதைத் தேய்த்து முடித்து, துடைத்து, உறையில் போட்டுவிட்டுத்தான் வாசலுக்குப் போய் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பெரிய கடையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வீக்கமில்லாத கன்னத்தோடு, நெட்டை நின்றுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து காருக்கும் நோய் கண்டது. வீட்டிலிருந்து ஒழுங்காகக் கிளம்பும், பெரிய கடையின் வாசலுக்கு வந்ததும் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். சிவப்பு விளக்கு எரியும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். காவலாளியும் விற்பனைப் பையன்களும் வந்து தள்ளிவிடுவார்கள். இவள் வேண்டுமென்றே வந்து வாசலை மறிக்கிறாள் என்று கடைத்தெரு பேசியது. நெட்டை ஒருநாளும் வெளியே வரவில்லை. மெக்கானிக் பிளக்கை மாற்றினார், ரிலேயை மாற்றினார், பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினார், கடைசியில் மூளைப்பெட்டி போய்விட்டது, இந்த மாடலுக்கு இனிக் கிடைக்காது, காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுங்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டார். சீட்டுக்கடியில் இருந்துகொண்டு பெட்ரோலுக்கும் பொறிக்கும் உத்தரவு போடுகிற தகரப் பெட்டியைத்தான் அவர் மூளை என்றார்.

கண்ணாடிக்காரி விடவில்லை. இழந்தது போதும் என்ற வீம்பு. டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த சோதனைச் சாக்கெட்டில் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினாள். விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஏதோ ஒரு சென்சார் கோளாறு, சிமிட்டாமல் நின்று எரிந்தால் பெட்டியே கோளாறு. அது நின்று எரிந்தது. பாட்டரியைக் கழற்றி, சீட்டைத் தூக்கி, போல்ட்டுகளை எடுத்து, பெட்டியை ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் கெட்டுப்போன மீன் வாடை அடித்தது. அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்னக் குப்பிகளான கெப்பாசிட்டர்கள் ஒழுகியிருந்தன. ஒழுகிய திரவம் பலகையில் பச்சையாகப் படர்ந்து, செம்புக்கோடு ஒன்றை அரித்துத் தின்றிருந்தது. வில்லை பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. உள்ளே எத்தனை வருடமாக ஒழுகிக்கொண்டிருந்ததோ.

ஸ்பிரிட்டும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்தாள். புதுக் கெப்பாசிட்டர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். அவை வந்து சேரும்வரை பெட்டி மேசையிலேயே கிடந்தது. வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அந்த நாட்களில்தான் கார் காலைதோறும் தானாகப் போய்வர ஆரம்பித்தது. அண்ணன் முதல் நாள் நம்பவில்லை, இரண்டாம் நாள் கேட்டைப் பூட்டினார். கார் கேட்டுக்கு முன்னால் நின்று, பால்காரர் பொறுக்கமுடியாமல் வந்து திறந்துவிடும்வரை உறுமிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பூட்டவில்லை. பெட்ரோல் மட்டும் குறைந்தது, அதை இவள்தான் கேனில் வாங்கி வந்து ஊற்ற வேண்டியிருந்தது.

கார் எங்கே போகிறது என்பதை, உடைந்த சட்டத்தை ஒட்ட வந்த அந்த வாடிக்கையாளரே வந்து சொன்னார். உங்கள் சிநேகிதி எதிர்க்கடை வாசலில் உங்கள் காரில்தானே வந்து இறங்குகிறார்கள், சமாதானமாகிவிட்டீர்களோ என்று சந்தோஷமாகக் கேட்டார். கார் போனதில் இவளுக்குப் பெரிய வருத்தமில்லை. மூளையைக் கழற்றி வைத்த வண்டி பழகிய வழியில்தான் போகும். நெட்டைக்கு மூளை இருந்தது. ஓட்டுநர் இல்லாத வண்டி வாசலில் வந்து நின்றதும், வெட்கமில்லாமல் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்திருக்கிறாள். கடை மாறினதைவிட அதைத்தான் இவளால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த நாள் கார் கிளம்பும் முன்பே பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கார் அவளைச் சட்டை செய்யவில்லை. ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது, கியர் தானாக விழுந்தது. நெட்டையின் வீட்டுக்கு முன்னால் ஓரமாக நின்றது. கைப்பையும் குடையுமாக வந்த நெட்டை, கதவைத் திறந்தவள், பின்சீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏறட்டுமா?"

"இத்தனை நாள் யாரைக் கேட்டு ஏறின?"

நெட்டை ஏறினாள். கார் நகர்ந்தது. தபால் நிலையத்தைத் தாண்டியது.

"பல் வலின்னு சொன்னியே," என்றாள் கண்ணாடிக்காரி. "வேற எதையாவது சொல்லியிருக்கலாம். நான் தைலத்தை எடுத்துக்கிட்டு உன் வாசல்ல வந்து நின்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உள்ளதான் இருந்தேன். கதவுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டிருந்தேன். நீ செருப்பு மாட்டிக்கிட்டுப் போற சத்தம் வரைக்கும் கேட்டேன்."

முன்சீட்டின் தலைக்குமேல் தெரிந்த நரைத்த கொண்டையை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தாள். அவள் பார்க்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போகாதன்னு சொல்லுவ குட்டை. நீ சொன்னா நான் போயிருக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் சொல்லணும்."

பெரிய கடை வந்துவிட்டது. நெட்டை இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடைசியில், கார் இரண்டாவது கியரில் முக்குகிறது, அதையும் கொஞ்சம் பார்க்கச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை. காவலாளி கதவைத் திறந்துவிட்டார். கண்ணாடிக்காரி பின்சீட்டிலேயே உட்கார்ந்து வீடு திரும்பினாள். வழிநெடுக அழுதாள் என்று சிலரும், சும்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள் என்று சிலரும் சொன்னார்கள்.

அந்த வாரமே கெப்பாசிட்டர்கள் வந்தன. பழையவற்றைச் சூட்டுக்கோலால் உருக்கி எடுத்து, புதியவற்றின் கூட்டல் கழித்தல் பக்கத்தை இருமுறை சரிபார்த்துப் பற்றவைத்தாள். அரித்துப்போன கோட்டுக்குப் பதிலாகத் தலைமுடி பருமனில் ஒரு செம்புக்கம்பியை இழுத்துப் பாலம் போட்டாள். பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கார் புத்தி வந்தது போலக் கிளம்பியது. பெரிய கடையின் வாசலில் நிற்காமல் கடந்தது. சொன்ன இடத்துக்குப் போனது, நிறுத்திய இடத்தில் நின்றது. ஜெயித்த மாதிரிதான் இருந்தது, ஆனால் வாய்க்கு ருசிக்கவில்லை.

நெட்டை கொஞ்ச நாள் காலையில் தன் வீட்டு வாசலில் காத்து நின்றாள், பிறகு பஸ்ஸில் போகத் தொடங்கினாள். கண்ணாடிக்காரி புதிதாக ஒரு சோதிப்பவரை வேலைக்கு வைத்தாள். அவர் சரியாகவே சோதித்தார், பேசமாட்டார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போதெல்லாம் காரின் வேகம் குறைந்தது. மறுபடியும் பழுதோ என்று பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. பிறகுதான் குறைப்பது தன் கால் என்று தெரிந்தது. தெரிந்த பிறகு ஆக்சிலரேட்டரை இறுக்கி மிதித்துப் போனாள். வருடங்கள் அப்படியே ஓடின. அவர்கள் மறுபடி பேசிக்கொள்ளவில்லை. நெட்டைக்கு முழங்காலில் நீர் கோத்துக்கொண்டது, பஸ் படியில் ஏற யாராவது கைகொடுக்க வேண்டியிருந்தது என்று அண்ணி எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள்.

பெரிய கடைக்கு ஞாயிறும் வேலை நாள். இவள் கடைக்கு லீவு. ஒரு ஞாயிறு காலையில் சீட்டைத் தூக்கிப் போல்ட்டுகளைக் கழற்றுகிறவளைப் பார்த்த அண்ணி, பேசிக்கொண்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றாள்.

"அப்புறம் எதுக்கு இதைக் கழட்டற?"

"வண்டியில பாதி அவளோடது அண்ணி."

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அதுதான் வழக்கமானது. பெட்டி மேசைக்கு வரும், வீட்டில் எல்லோரும் தட்டை மடிக்கு மாற்றிக்கொள்வார்கள், கண்ணாடிக்காரி போய்க் கேட்டைத் திறந்துவைப்பாள். கார் பின்னால் வந்து, வளைந்து, இறங்கிப் போகும். கார் நிற்கும் இடத்தில்தான் நல்ல வெயில் விழும் என்பதால், அது திரும்பி வரும்வரை அண்ணி அங்கே பாயை விரித்து மிளகாயைக் காயப்போடுவாள், முனையில் இண்டிகேட்டர் சத்தம் கேட்டதும் ஒதுக்கி எடுத்துக்கொள்வாள்.